எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

நம் வட்டத்தில் அரசியல் கட்டுரை என்றால் அது உலக அரசியலாக இருக்க வேண்டும், அல்லது சித்தாந்தமாக இருக்க வேண்டும். அந்நியமாதலைப் பற்றி முப்பது பக்கம் எழுதலாம். சுதந்திரமும் பொறுப்பும் பற்றி சார்த்தரை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விவாதிக்கலாம். பேரூராட்சித் தலைவர் பதவி யாருக்குப் போயிற்று, ஏன் போயிற்று என்று எழுதினால் மட்டும் அது தினசரிக்காரன் வேலை. இந்தப் பாகுபாட்டை நான் ஏற்பதில்லை. ஒரு மனிதன் தன் செயலைத் தன் செயல் என்று ஒப்புக்கொள்கிறானா என்ற கேள்வி பாரிஸ் காப்பிக் கடையில் தத்துவமாகவும், சமயபுரம் நால் ரோட்டில் வம்பாகவும் எப்படி ஆகிவிடும்?

நான் கேட்க விரும்புவது இதுதான். தன் பதவிக்கும், அடுத்த தேர்தலில் தனக்கு இடம் உண்டா என்பதற்கும் கட்சித் தலைமையின் சித்தத்தையே நம்பியிருக்கிற ஓர் உள்ளூர் அரசியல்வாதிக்கு, தன் தீர்மானம் என்று ஒன்று இருக்க முடியுமா? இருக்க முடியாது என்றால், அவன் கை தூக்கி நிறைவேற்றிய காரியங்களுக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு நான் முதலில் வந்து சேர்ந்தது மொழியின் வழியாகத்தான். உள்ளூர் அரசியலின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'வாய்ப்பு வழங்கப்பட்டிருக்கிறது.' 'முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.' 'மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது.' நம் பேச்சுத் தமிழுக்குச் செயப்பாட்டு வினை அநேகமாக அந்நியமானது. 'என்னால் சோறு உண்ணப்பட்டது' என்று எந்தத் தமிழனும் வீட்டில் சொல்வதில்லை. ஆனால் கட்சி அலுவலகத்தின் படியேறியதும் அவன் வாக்கியத்திலிருந்து எழுவாய் கழன்று விழுந்துவிடுகிறது. வழங்கியவர் யார், எடுத்தவர் யார், சொன்னவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. 'மேலிடம்' என்பது ஓர் இடம், ஆள் அல்ல. 'தலைமை' ஒரு பண்பின் பெயர். இன்னும் கீழே வந்தால் விநோதமான ஒரு வழக்கு: மாவட்டச் செயலாளரை 'மாவட்டம்' என்றும் ஒன்றியச் செயலாளரை 'ஒன்றியம்' என்றும் அழைப்பது. 'மாவட்டம் வந்துட்டாரு.' 'ஒன்றியம் இன்னும் சாப்பிடல.' மனிதன் நிலப்பரப்பாகிவிடுகிறான். நிலப்பரப்பிடம் போய் 'நீ ஏன் இப்படிச் செய்தாய்?' என்று எவரும் கேட்க முடியாது.

இது வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒரு சமூகம் எதை மறைக்க விரும்புகிறதோ அது முதலில் அதன் இலக்கணத்தில் மறைகிறது.

*

யந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்கலாம். 1968-ல் தேர்தல் ஆணையம் பிறப்பித்த சின்னங்கள் பற்றிய ஆணையின்படி, ஒரு வேட்பாளர் கட்சியின் சின்னத்தில் நிற்க வேண்டுமானால் இரண்டு காகிதங்கள் தேவை. ஏ படிவம், பி படிவம் என்று பெயர். கட்சியின் சார்பில் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர் யார் என்பது முதல் காகிதத்தில்; இன்ன தொகுதிக்கு இன்னார் எங்கள் வேட்பாளர் என்பது இரண்டாவதில். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் இரண்டும் தேர்தல் அதிகாரியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இருபது வருஷம் கட்சிக்கு உழைத்தது, சிறை போனது, வீட்டை அடகு வைத்தது எல்லாம் இந்தக் காகிதத்தின் முன்னால் ஒன்றுமில்லை. ஒரு கையொப்பம். அது இருந்தால் வேட்பாளர், இல்லையேல் சுயேச்சை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் பட்டியல் வெளியான பிறகும் பல தொகுதிகளில் பெயர்கள் மாற்றப்பட்டதை நாம் பார்த்தோம். காலையில் வேட்பாளராக இருந்து மாலை போட்டு வரவேற்கப்பட்டவர், மாலையில் வெறும் தொண்டர். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்தக் கையொப்பத்தின் மகிமை அதே வருஷத்தின் கடைசியில் அதன் எல்லைக்கே போயிற்று. திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல் 2016 நவம்பர் 19-ல் நடந்தது. அப்போது ஜெயலலிதா சென்னையில் மருத்துவமனையில் இருந்தார். அ.தி.மு.க. வேட்பாளர் ஏ.கே. போஸின் படிவங்களில் கையொப்பத்துக்குப் பதில் அவருடைய கட்டைவிரல் ரேகை. போஸ் வென்றார். ஜெயலலிதா டிசம்பர் 5-ல் இறந்தார். ரேகை செல்லுமா என்று தி.மு.க. வேட்பாளர் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 ஆகஸ்டில் போஸும் இறந்தார். 2019 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ரேகை வைத்தவர் இல்லை. அந்த ரேகையால் வேட்பாளரானவரும் இல்லை. இருவரும் போன பிறகும் காகிதத்தில் இருந்த விரலின் சுவடு மட்டும் வழக்காக உயிரோடிருந்தது. வாக்களித்த பல்லாயிரம் பேரின் தீர்மானம் அந்தச் சுவட்டின் மேல் நின்றிருந்தது என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதில் எவரையும் பரிகசிப்பது என் நோக்கமல்ல. நோயில் கிடந்த ஒரு பெண்மணியின் விரல் அது. ஒரு கட்சி முழுவதிலும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட இன்னொரு கை இருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

நம் பக்கத்துக்கே வருவோம். சமயபுரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். 2011-ல் அந்தத் தொகுதியில் ஜெயலலிதா 41,848 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2014 செப்டம்பரில் பெங்களூர் தனி நீதிமன்றத் தீர்ப்பால் அவர் பதவி இழந்தார். 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல். அ.தி.மு.க. சார்பில் எஸ். வளர்மதி நின்றார். எதிர்த்து நின்றவர் 2011-ல் நின்ற அதே தி.மு.க. வேட்பாளர். வளர்மதி 96,516 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தலைவியின் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஆளும் கட்சிக்கு இடைத்தேர்தலில் இருக்கும் வசதிகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. வேட்பாளர் எவ்வளவுக்கெவ்வளவு தலைமையின் நிழலாக இருக்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு பத்திரமாக இருக்கிறார்.

சமயபுரம் அடங்கிய மண்ணச்சநல்லூர் தொகுதியிலும் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011-ல் முதல் தேர்தல். அ.தி.மு.க.வின் டி.பி. பூனாட்சி வென்றார், பிறகு அமைச்சராகவும் இருந்தார். 2016-ல் அதே கட்சி, அதே சின்னம், வேறு வேட்பாளர்: எம். பரமேஸ்வரி. அவரும் வென்றார். ஐந்து வருஷம் தொகுதிக்குள் நடமாடிய ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரை வைத்தாலும் முடிவில் மாற்றமில்லை என்றால், நடமாடியதற்கு என்ன மதிப்பு? உள்ளூர் அரசியல்வாதி இந்தப் பாடத்தை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறான். தன் எதிர்காலம் தெருவில் இல்லை. சென்னையில் இருக்கிறது, அல்லது சென்னைக்குப் போகும் வழியில், மாவட்டத்தின் வீட்டுத் திண்ணையில்.

சமயபுரம் கோயிலுக்குப் போகும் சாலையில் திருவிழாக் காலத்தில் நிற்கும் பதாகைகளைப் பார்த்தால் இதையெல்லாம் வாதம் செய்து நிறுவ வேண்டியதில்லை. தலைவரின் முகம் ஓர் ஆள் உயரம். அவருக்குக் கீழே மாவட்டத்தின் முகம் தாம்பாளம் அளவு. ஒன்றியம் சாப்பாட்டுத் தட்டு அளவு. கடைசி வரிசையில், பதாகைக்குக் காசு கொடுத்தவர்களின் முகங்கள் தபால் தலை அளவில். இந்த அளவுகளில் யாரும் தவறு செய்வதில்லை. தபால் தலை தட்டானால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

*

இந்த வட்டாரத்தில் முன்பு வார்டு உறுப்பினராக இருந்த ஒருவரோடு சில வருஷங்களாக எனக்குப் பழக்கம். பெயரும் கட்சியும் இங்கே வேண்டாம். நல்ல மனிதர். குழாய் உடைந்தால் இரவு பதினொரு மணிக்குக் கூட வந்து நிற்பார். ஒருநாள் பேச்சு தலைவர் தேர்தலைப் பற்றித் திரும்பியது. அதாவது வார்டு உறுப்பினர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல்.

'யாருக்குப் போடணும்னு நீங்க எப்ப முடிவு பண்ணினீங்க?' என்று கேட்டேன்.

'நான் எங்க சார் முடிவு பண்றது? மாவட்டம் சொன்னாரு, போட்டோம்.'

'அவர் சொன்ன ஆள் சரியில்லேன்னு உங்களுக்குத் தோணியிருந்தா?'

'தோணும் சார். தோணாம இருக்குமா? தோணுறத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அடுத்த தடவ சீட்டு வேணாமா?' சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார்: 'எங்க தெருவுல ஒரு கெழவி கேட்டுச்சு சார். ஒன்னப் பாத்துத்தானே நாங்க போட்டோம், ஒனக்கு எவன் சொல்லணும்னு. அதுக்கு மட்டும் பதில் சொல்ல வரல.'

அந்தக் கிழவியின் கேள்வி அரசியல் தத்துவத்தில் பழைய கேள்வி. 1774-ல் எட்மண்ட் பர்க் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம், பிரதிநிதி தன் உழைப்பை மட்டுமல்ல, தன் நிதானிப்பையும் உங்களுக்குத் தரக் கடமைப்பட்டவன், உங்கள் விருப்பத்துக்காக அதைப் பலிகொடுத்தால் அது சேவை அல்ல, துரோகம் என்ற பொருளில் பேசினார். 1780-ல் தோல்வி நிச்சயம் என்று தெரிந்து அதே தொகுதியில் போட்டியிலிருந்து விலகினார். பர்க்கின் விவாதத்தில் இரண்டு தரப்புகள்தான்: பிரதிநிதியின் மனச்சாட்சி, வாக்காளர்களின் விருப்பம். எது பெரிது என்று இன்றும் வாதாடலாம். நம் வார்டு உறுப்பினரின் விஷயத்தில் இந்த இரண்டுமே தோற்றுவிட்டன. அவர் தன் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டு ஓட்டுப் போடவில்லை. கிழவியின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டும் போடவில்லை. வாக்குச் சீட்டில் பெயரே இல்லாத மூன்றாவது ஒருவர் சொன்னார், போட்டார்.

மறைமுகத் தேர்தல் என்ற ஏற்பாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். 2011-ல் மேயர்களையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் தமிழக மக்கள் நேரடியாகவே தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் அந்தத் தேர்வை உறுப்பினர்களிடம் கொடுத்தது. அதன்படி 2022 பிப்ரவரி 19-ல் வார்டு உறுப்பினர்களுக்கான தேர்தலும், மார்ச் 4-ல் தலைவர்களுக்கான மறைமுகத் தேர்தலும் நடந்தன. சமயபுரத்தை உள்ளடக்கிய ச. கண்ணனூர் பேரூராட்சியும் இந்த முறைக்குள் வந்ததுதான். காகிதத்தில், அதிகாரம் உறுப்பினர் கைக்குப் போயிற்று. நடப்பில், எந்த ஊர்த் தலைவர் பதவி எந்தக் கட்சிக்கு, எவருக்கு என்ற பட்டியல் சென்னையிலிருந்து வந்தது. தி.மு.க. தலைமை சில ஊர்களைத் தோழமைக் கட்சிகளுக்கு ஒதுக்கியிருந்தது. மார்ச் 4-ல் அப்படிப் பல ஊர்களில் தி.மு.க. உறுப்பினர்களே தலைமையின் ஒதுக்கீட்டை மீறித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்ட நெல்லிக்குப்பம் நகராட்சி ஓர் உதாரணம். அன்றே மு.க. ஸ்டாலின், அப்படி வென்றவர்கள் பதவி விலகிவிட்டுத் தன்னை வந்து பார்க்க வேண்டும் என்று அறிவித்தார்.

இந்த நிகழ்ச்சியில் எவர் பக்கம் நியாயம் என்று சட்டென்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. மீறியவர்களைச் சுதந்திர வீரர்களாக்க நான் தயாரில்லை. தோழமைக் கட்சிக்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்குத்தான். அதிலும் ஒடுக்கப்பட்ட மக்களின் கட்சிக்குக் கொடுத்த இடத்தை உள்ளூர்ப் பெரும்பான்மை பிடுங்கிக்கொள்ளும்போது அதற்குப் பெயர் மனச்சாட்சி அல்ல. தலைமை இங்கே உள்ளூரைவிட நியாயமாக நடந்துகொள்ள முயன்றது. ஆனால் அந்த நியாயத்தைக் காப்பாற்றத் தலைமைக்குத் தெரிந்த ஒரே வழி ஆணைதான். 'இது ஏன் சரி?' என்று உறுப்பினர்களோடு எவரும் பேசியிருக்கவில்லை. யோசிக்காமல் கீழ்ப்படியப் பழக்கப்பட்டவன், மீறும்போதும் யோசிக்காமல்தான் மீறுவான்.

*

என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான தரப்பு இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். கட்சித் தலைமைக்குக் கட்டுப்படாத உள்ளூர்ப் பிரமுகர் என்று ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். மிராசுதார் என்றும் ஜமீன்தார் என்றும் அவருக்குப் பெயர். காவிரிக் கரையில் அவர் கண்ணசைத்தால் ஊர் ஓட்டுப் போட்டது. அவருக்கு எவருடைய பி படிவமும் வேண்டியிருக்கவில்லை. அவருடைய சுதந்திரம் மற்றவர்களின் அடிமைத்தனத்தின் மேல் நின்றது. அவரை வீழ்த்தியது தனிமனித மனச்சாட்சியல்ல, கட்சி. சொத்தில்லாதவனை, பெரிய ஜாதியில் பிறக்காதவனை, ஒரு சின்னத்தைக் கையில் கொடுத்து அவருக்கு எதிரே நிறுத்தியது கட்சி. அந்த மனிதனுக்குச் சின்னத்தைத் தவிர வேறு பலம் கிடையாது. ஆகவே சின்னம் கொடுத்த கைக்கு அவன் கட்டுப்பட்டான். இதை அடிமைத்தனம் என்று சொல்ல, சொத்தும் படிப்பும் உள்ள நமக்கு என்ன யோக்யதை?

இதில் பாதி உண்மை. மீதிப் பாதியையும் திருச்சியிலேயே பார்க்கலாம். 1956 மே மாதம் திருச்சியில் தி.மு.க.வின் மாநில மாநாடு. கட்சி தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்ற கேள்வி. அண்ணாதுரை மேடையிலிருந்து ஆணையிடவில்லை. வாக்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வந்திருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். நிற்கலாம் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். மறு வருஷம் கட்சி தேர்தலில் நின்றது. கருணாநிதி, அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்த குளித்தலையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். அந்த வாக்கெடுப்பின் முடிவு முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாக இருந்திருக்கலாம். எனக்கு முக்கியம் அந்த 4,203 பேர். வேண்டாம் என்றவர்கள் எண்ணப்பட்டார்கள். அந்த எண் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. சொத்தில்லாதவர்களின் கட்சியாகத் தொடங்கிய ஒன்று, தன் ஆட்களைக் கேட்டு முடிவெடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. ஏழையை நிமிர்த்த ஆணை ஒன்றுதான் வழி என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது. அதற்குப் பின் எந்தப் பெரிய கட்சியிலும் வேண்டாம் என்றவர்களை எண்ணிப் பார்த்த வழக்கம் நிலைக்கவில்லை. எம்.ஜி.ஆர். ஒரு கட்டத்தில் தன் கட்சிக்காரர்களைக் கட்சி அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். வாக்குப் பெட்டி பச்சை ஊசியாக மாற இருபது முப்பது வருஷங்கள் போதுமானதாக இருந்தன.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. அது நம்மையே குறிவைக்கிறது. உள்ளூர் அரசியல்வாதி மேலே பார்த்துக்கொண்டு நிற்பதற்கு நாமும் ஒரு காரணம். சிகாகோ நகரத்தின் 19-வது வார்டில், ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தை நடத்திய ஜேன் ஆடம்ஸ், அந்த வார்டின் கட்சிப் பெரும்புள்ளி ஜானி பவர்ஸைத் தோற்கடிக்க 1896-லும் 1898-லும் முயன்றார். இரண்டு முறையும் தோற்றார். ஆனால் அந்த மனிதனைப் பற்றி அவர் எழுதியது கோபக் கட்டுரை அல்ல. ஏழைகள் ஏன் அந்த மனிதனை விரும்புகிறார்கள் என்று யோசித்தார். சாவு வீட்டுக்கு வருகிறான். வேலை வாங்கித் தருகிறான். போலீஸ் பிடித்தால் வெளியே எடுக்கிறான். நீதியைவிட அண்டை வீட்டுக்காரனின் அன்பு அவர்களுக்குப் புரிகிறது என்று ஆடம்ஸ் கண்டார். நம் வார்டு உறுப்பினரும் குழாய்க்கு வருகிறார், சாவுக்கு வருகிறார். ஒரு வித்தியாசம் முக்கியமானது. பவர்ஸ் தன் வார்டிலிருந்து மேலே வளர்ந்தவன்; அவன் கட்சிக்கு அவன் தேவைப்பட்டான். நம் ஆள் மேலிருந்து கீழே இறக்கப்பட்டவர். கட்சிக்கு அவர் மாற்றக்கூடிய உதிரிப் பாகம். நாமும் அவரை அப்படித்தான் பயன்படுத்துகிறோம். அவரிடம் நாம் கேட்பது 'நீ என்ன நினைக்கிறாய்?' என்பதல்ல. 'உனக்கு மேலே யாரைத் தெரியும்?' என்பதுதான். பட்டா மாற்றத்துக்கும் பள்ளி இடத்துக்கும் செல்வாக்குள்ள ஆளைத் தேடுகிற நாம், செல்வாக்கைக் காப்பாற்றிக்கொள்ள அவர் முதுகை வளைக்கும்போது முகம் சுளிக்கிறோம். வளைந்த முதுகின் மேல் ஏறி நின்றுதான் நம் மனு மேலே போயிருக்கிறது.

*

மீறினால் என்ன ஆகும்? திருச்சி வாக்காளர்களுக்கு இதில் அனுபவம் உண்டு. எல். அடைக்கலராஜ் 1984, 1989, 1991 தேர்தல்களில் காங்கிரஸின் கை சின்னத்தில் இங்கிருந்து மக்களவைக்குப் போனார். 1996-ல் அ.தி.மு.க.வோடு கூட்டு என்று நரசிம்ம ராவ் டில்லியில் எடுத்த முடிவைத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மூப்பனார் தலைமையில் தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்தது. அடைக்கலராஜ் சைக்கிள் சின்னத்தில் நின்று அதே தொகுதியில் வென்றார். அந்தக் கட்சி 39 சட்டமன்ற இடங்களையும் 20 மக்களவை இடங்களையும் பிடித்தது. மேலிடத்தை மீறியவர்கள் வென்ற அபூர்வமான தருணம். ஆனால் அவர்கள் தனியாக மீறவில்லை. டில்லி மேலிடத்துக்குப் பதில் மூப்பனார் இருந்தார், பக்கத்தில் தி.மு.க. இருந்தது. 2002-ல் கட்சி மறுபடி காங்கிரஸில் கரைந்தது.

இதற்கு மறுபுறம், 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள். 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றமும் அந்த நீக்கத்தை உறுதி செய்தது. 2019 இடைத்தேர்தல்களில் தினகரனின் புதிய கட்சி சார்பில் திரும்பவும் நின்றவர்களில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரான செந்தில்பாலாஜி, தி.மு.க.வுக்குப் போய் உதயசூரியனில் நின்று அரவக்குறிச்சியில் ஜெயித்தார். ஆகவே தமிழ்நாட்டு அனுபவம் சொல்வது: ஒரு தலைமையை மீறலாம், இன்னொரு தலைமை கையில் இருந்தால். தலைமையே இல்லாமல் நிற்பவனுக்கு இடம் இல்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இதற்கு அரசியல் சாசனத்தின் முத்திரையையும் கொடுத்துவிட்டது. காசுக்காகத் தாவுகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம், கொறடாவின் ஆணையை மீறி ஓட்டுப் போடுகிறவனையும் அதே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. விலைபோனவனுக்கும் உடன்பட மறுத்தவனுக்கும் சட்டத்தின் கண்ணில் வேற்றுமை இல்லை.

அப்படியானால் நம் வார்டு உறுப்பினரிடம் நான் எதை எதிர்பார்க்கிறேன்? தியாகத்தையா? இல்லை. அடுத்தவன் பிழைப்பைப் பணயம் வைத்து அறம் பேசுவது சுலபம். எல்லா உள்ளூர் அரசியல்வாதியும் தலைமையை எதிர்த்துத் தோற்றுப்போக வேண்டும் என்று கோருவது தார்மிகமல்ல, ரசனை. என் கோரிக்கை சிறியது. கீழ்ப்படிந்தவன், 'நான் கீழ்ப்படிந்தேன்' என்று தன்மை ஒருமையில் சொல்ல வேண்டும். 'இவர் எனக்குச் சரியாகப் படவில்லை. மாவட்டச் செயலாளர் இன்னார் சொன்னார். எனக்கு அடுத்த முறை இடம் வேண்டும். ஆகவே போட்டேன்' என்று அந்தக் கிழவியிடம் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். செயல் மாறாது. ஆனால் செயலுக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. 'நான்' என்று ஒருவன் சொன்னால் 'ஏன்?' என்று இன்னொருவர் கேட்க முடியும். கேள்வி வார்டு உறுப்பினரோடு நிற்காது. 'இன்னார்' என்ற பெயர் வந்துவிட்டதால் மாவட்டத்துக்கும் போகும், அதற்கு மேலும் போகும். எழுவாய் இல்லாத வாக்கியத்தில் கேள்வி போய்ச் சேர விலாசமே கிடையாது. வேறு வழியில்லை என்கிறவன் தன்னைத்தானே ஒரு பொருளாக்கிக்கொள்கிறான் என்று சார்த்தர் சொன்னதை நாம் எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். 'வழி இருந்தது, அதன் விலை எனக்குக் கட்டுபடியாகவில்லை' என்று சொல்கிறவன் தோற்றுப்போனவனாக இருக்கலாம். ஆனால் பொருள் அல்ல, மனிதன்.

மேலே இருப்பவருக்கு என்ன கடமை என்பதை யோசிக்கச் சமயபுரத்துக்காரர்கள் வெளிநாட்டுத் தத்துவத்துக்குப் போக வேண்டியதில்லை. மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள் இங்கே மாரியம்மன் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். பக்தன் அம்மனுக்காக விரதம் இருப்பது எங்கும் உள்ளது. இங்கே ஜனங்களுக்காக அம்மன் விரதம் இருக்கிறாள். தளிகை கிடையாது, துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். நம்பிக்கை உள்ளவர்கள் நம்பட்டும். எனக்கு இதில் தெரிவது அதிகாரத்தைப் பற்றி இந்த மண்ணின் ஜனங்கள் வைத்திருந்த ஒரு கற்பனை. கும்பிடப்படுகிறவள் கும்பிடுகிறவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதைத் தன் வயிற்றால் சொல்ல வேண்டும். இந்தக் கற்பனை உள்ள ஊரில், தேர்தலில் தோற்றால் அதன் பழியைக்கூட மாவட்டத்தின் தலையில் கட்டிவிட்டுப் பதவியிலேயே உட்கார்ந்திருக்கும் தலைமைகளை நாம் சகஜமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கோயிலில் எதிர்பார்ப்பதில் நூறில் ஒரு பங்கைக் கூடக் கட்சி அலுவலகத்தில் எதிர்பார்ப்பதில்லை.

கடைசியாக, இதைப் படிக்கும் நூறு இருநூறு பேருக்கு. எழுத்தாளனுக்கு இதில் என்ன வேலை என்றால், வாக்கியங்கள் நம் பொறுப்பு என்பதுதான் பதில். வார்டு உறுப்பினருக்குச் சீட்டு, நமக்கு முன்னுரை. அவருக்கு மாவட்டம், நமக்குக் குழு. நம் பத்திரிகைகளிலும் 'இக்கவிதை குறைபாடுடையதாகக் கருதப்படுகிறது' என்று எழுதப்படுகிறது. கருதுவது யார்? 'விமர்சன உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை.' யார் அந்த உலகம், அதன் கதவு எண் என்ன? மூத்தவர் ஒருவர் முகம் சுளிப்பார் என்பதற்காகச் சொல்லாமல் விட்ட அபிப்பிராயம் இந்த அறையில் எத்தனை பேரிடம் இருக்கிறது? நமக்கு இழக்கத் தொகுதியும் இல்லை, வீட்டை அடகு வைத்த கடனும் இல்லை. இருந்தும் 'நான் இப்படி நினைக்கிறேன்' என்று எழுத நமக்கே இவ்வளவு தயக்கம் என்றால், பிழைப்பு முழுவதையும் ஒரு கையொப்பத்தில் தொங்கவிட்டிருக்கும் மனிதரிடம் அந்த வாக்கியத்தைக் கேட்க நாம் முதலில் அதைச் சொல்லிப் பழக வேண்டும்.